பெரும்பான்மை வாக்கில் தேறிய பன்றி

எங்கள் சாந்தா எங்ராசியா நகராட்சியில் இறைச்சிக்கூட மேற்பார்வையாளராக இருப்பவருக்குப் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று உத்தரவு வந்த அன்று, எபிஃபானியோ கடுபாய் பன்றிக் கொட்டடியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் அவரைப் பன்யோங் என்றுதான் கூப்பிடுவோம். கொட்டடியைக் கழுவப் பட்டம் தேவையில்லை, கழுவச் சொல்லத்தான் தேவை என்பது உத்தரவின் சாரம். பன்யோங் இரண்டையும் ஒருவராகவே செய்துகொண்டிருந்ததால் கொஞ்சம் குழம்பிப் போனார்.

தலை நரைப்பதற்கு முன்பிருந்தே அவர் ஒப்பந்த ஊழியர். ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் மேயர் கையெழுத்துப் போட்டால் அடுத்த அரை வருடத்துக்கு வேலை உண்டு. அவர் மனைவி வெனான்சியாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை ரத்தம் சுத்திகரிக்க மாகாண ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கு மட்டும்தான் நகராட்சி அந்தச் செலவை ஏற்கும். உத்தரவு கொடுத்திருந்த பல வருட அவகாசம் இந்த ஜூனோடு முடிகிறது. அதற்குள் பட்டம் வாங்கினால் நிரந்தரம், வாங்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேயருக்குத் தூரத்து உறவான இளைஞன் ஒருவன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

நான் பக்கத்துக் கட்டடத்தில் பிறப்பு இறப்புப் பதிவு பார்ப்பவன். பன்யோங் படித்தார், நான் அவருக்காகப் பாத்திரம் தூக்கினேன். பாத்திரத்துக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் எங்கள் கிழக்குக்கரைப் பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்கள்.

சனிக்கிழமைதோறும் வகுப்பு. பேராசிரியர் பாடத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார். மாணவர்கள் முறைவைத்துப் பாடம் நடத்துவார்கள். பேராசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். இப்படிப் பல வருடம் நடத்தி முடித்து, பன்யோங்குக்கு ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. அதையும் இந்தப் பருவத்துக்குள் முடிக்க வேண்டும். இல்லையென்றால் படித்த பாடமெல்லாம் பால் பாக்கெட் மாதிரி காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்பது விதி.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம், எங்கள் ஊர் இறைச்சிக்கூடத்தில் இறைச்சிப் பரிசோதனை எந்த அளவுக்கு நடக்கிறது என்பது. நடக்கவில்லை. இருந்த கால்நடை மருத்துவர் கனடாவுக்குப் போய் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அன்றிலிருந்து 'பரிசோதிக்கப்பட்டது' என்ற ஊதா முத்திரையைப் பன்யோங்தான் குத்துகிறார். அது இல்லாமல் சந்தையில் கறி விற்க முடியாது. பன்றியை உற்றுப் பார்ப்பார், பன்றியும் அவரைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் மருத்துவம் தெரியாது. இது ஊருக்கே தெரியும், தெரிந்துதான் எல்லோரும் சாப்பிடுகிறோம். இதை ஆய்வேட்டில் எழுதினால் மேலிடத்தில் யாராவது படித்துவிட்டு ஒரு மருத்துவரை அனுப்புவார்கள் என்று பன்யோங் மனதார நம்பினார். ஒரு சொல்லில் முடிகிற பதிலை விதிப்படி ஐந்து அத்தியாயமாக எழுதி முடித்தார்.

பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சுற்றறிக்கை தொங்கும். 'வாய்மொழித் தேர்வின்போது மாணவர்கள் தேர்வாளர்களுக்கு உணவோ பரிசோ வழங்குவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.' கீழே டீன் பெர்பெதுவா கிம்போ அம்மையாரின் கையெழுத்து. அதன் முன்னால் நின்றுதான் மாணவர்கள் சமையல்காரருக்குப் போன் போட்டு எத்தனை பேருக்கு நூடுல்ஸ் என்று சொல்வார்கள். பன்யோங் அரசாங்க ஊழியர். எழுதியிருந்தால் நம்பிவிடுகிற வியாதி அவருக்கு இருந்தது. வெறுங்கையோடு தேர்வுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

தேர்வு அறையின் ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த நீளமான மேசை. அதன் மேல் ஒன்றுமில்லை. தேர்வுக் குழுத் தலைவர் டாக்டர் ஹெர்மோஜெனஸ் தகுலோட் உள்ளே வந்ததும் முதலில் அந்த மேசையைத்தான் பார்த்தார்.

"எல்லாம் வந்தாச்சா?" என்றார்.

"வந்துட்டேன் சார்," என்றார் பன்யோங்.

"உங்களைக் கேக்கல."

டீன் அம்மையாரும் புள்ளியியல் பேராசிரியர் சோசிமோ அபாட்டும் வந்தார்கள். அவர்களும் மேசையைப் பார்த்தார்கள். சோசிமோ துணியின் ஓரத்தைத் தூக்கி அடியிலும் பார்த்தார். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஆய்வேட்டைத் திறந்தார்கள். பசித்தவன் கையில் கிடைத்த புத்தகம் படுகிற பாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இந்தப் படத்துல அம்புக்குறி ஏன் நேரா போகுது?" என்றார் சோசிமோ.

"இந்தப் பெட்டிலேருந்து அந்தப் பெட்டிக்குப் போகணும் சார். அதான்."

"பொது நிர்வாகத்துல எதுவும் நேரா போகாது, கடுபாய். இவ்வளவு வருஷம் படிச்சு இது கூடத் தெரியலையா?"

"வளைச்சுடறேன் சார்."

"எந்தப் பக்கம் வளைப்பீங்க?"

பன்யோங் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றவன், எனக்கென்ன தெரியும். அம்புக்குறி இடப்பக்கம் வளைய வேண்டும் என்று சோசிமோவும், வலப்பக்கம் வளைந்தால்தான் மக்களாட்சி என்று தகுலோட்டும் மதியம் வரை வாதாடினார்கள். நேரம் ஆக ஆக அவர்களின் கொள்கைப் பிடிப்பு கூடிக்கொண்டே போனது. தகுலோட்டின் வயிறு ஒருமுறை சத்தமாகவே பேசியது. கடைசியில், மாணவர் இன்னும் பக்குவப்படவில்லை, மறுபடி வரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் டீன் அம்மையார் பன்யோங்கைத் தனியே கூப்பிட்டார்.

"நிஜமா ஒண்ணுமே கொண்டு வரலையா?"

"சுற்றறிக்கையில தடைன்னு போட்டிருக்கே மேடம். நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது தணிக்கைக்காரங்க படிக்கிறதுக்கு, கடுபாய். மாணவர்கள் படிக்கிறதுக்கு இல்ல." அம்மையாரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நான் தடை போட்டிருக்கேன். அந்தத் தடையையும் தாண்டி ஒருத்தர் ஒரு தட்டு கொண்டு வந்தா, அதுதான் மரியாதை. தடையே இல்லாம கொண்டு வந்தா அது வெறும் சாப்பாடு. இந்த நுணுக்கத்தைப் புரிஞ்சுக்காதவர் நாளைக்கு ஒரு அலுவலகத்தை எப்படி நடத்துவார், சொல்லுங்க?"

பன்யோங் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். வெனான்சியா தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு உடம்பில்தான் தெம்பு குறைவு, வாயில் இல்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. நீ கறியே இல்லாமப் போயிருக்கியே, மனுஷா! இறைச்சிக்கூடத்துல இருந்துக்கிட்டு வெறுங்கையோட போனா அவங்க என்ன நினைப்பாங்க? கஞ்சன்னு நினைப்பாங்க. அடுத்த தடவை நான் சமைக்கிறேன், பேசாம இரு."

அவள் சமைத்தது தினுகுவான். பன்றி ரத்தத்தில் வினிகரும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவைத்த கறுப்புக் குழம்பு. வெனான்சியாவின் கைமணம் ஊரில் பிரசித்தம், ரத்தமோ அன்று காலையில் பிடித்தது. கூடவே ஆவியில் வெந்த அரிசிமாவு அப்பம். நான்தான் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனேன். மேசை நிறைந்திருந்ததைப் பார்த்துத் தேர்வாளர்கள் முகம் மலர்ந்தது. சோசிமோ அம்புக்குறியைப் பற்றிப் பேசவே இல்லை. தகுலோட் கரண்டியை எடுத்து, குழம்பில் விட்டு, அப்படியே நிறுத்தினார்.

"இது என்னது?"

"தினுகுவான் சார். காலையில அறுத்தது. சூடு ஆறல பாருங்க."

"நான் எந்தச் சபைன்னு விசாரிச்சீங்களா?"

விசாரிக்கவில்லை. தகுலோட் போகிற கிறிஸ்தவச் சபையில் ரத்தம் உண்பது விலக்கு. இது பல்கலைக்கழகத்தில் காவல்காரர் முதல் பூனை வரை எல்லோருக்கும் தெரியும். பன்யோங்குக்கு மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அவர் கெஞ்சினார், கோழி வாங்கி வருகிறேன் என்றார், முழங்காலிடப் போனார். தகுலோட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வேட்டை எடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எத்தனை பேரைக் கேட்டீங்க?"

"இறைச்சி வெட்டறவங்க ஏழு பேர் சார். ஏழு பேரையும் கேட்டுட்டேன்."

"எல்லாரையும் கேட்டா அது ஆய்வா? அதுக்குப் பேர் வம்பு. எத்தனை பேரைக் கேக்கணும்னு சூத்திரம் போட்டீங்களா?"

வாய் நிறைய அப்பத்தோடு இருந்த சோசிமோ காகிதத்தை இழுத்துச் சூத்திரம் போட்டார். ஏழு பேர் உள்ள இடத்தில் ஆறே முக்கால் பேரைக் கேட்க வேண்டும் என்று விடை வந்தது.

"கால்வாசி ஆளை எப்படி சார் விடறது?" என்றார் பன்யோங். கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது ஆய்வாளர் பாத்துக்கவேண்டியது. சரி பண்ணிட்டு மறுபடி வாங்க."

அதையும் பார்த்துக்கொண்டார். இறைச்சி வெட்டுகிற கார்டிங்கிடம் வாங்கிய பதில்களில் கால் பங்கை அடித்துவிட்டார். கார்டிங்கின் காதுக்கு விஷயம் போனது. அவன் கத்தியோடு அலுவலக வாசலுக்கு வந்து, "ஏண்ணே, இவங்க எல்லாம் முழு ஆளு, நான் மட்டும் முக்கால் ஆளா? என்கிட்ட எது குறையுது, சொல்லு!" என்று கத்தினான். மூன்று நாள் சமாதானம் பேசினோம்.

ஜூன் நெருங்கியது. கடைசிச் சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். பன்யோங் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து அம்புக்குறி வரைவதாக வெனான்சியா என்னிடம் சொல்லி அழுதாள். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பன்றி வளர்த்துவந்தாள். ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் விற்பதற்காக வைத்திருந்தது. அன்றைக்கு அவள் கொல்லைக்குப் போய் அதற்குத் தவிடு வைத்துவிட்டு வந்து, "அறுத்துடு," என்றாள்.

"உனக்குன்னு வச்சது, வெனாங்."

"உனக்கு வேலை இல்லன்னா எனக்கு ஆஸ்பத்திரி எங்க? அறுத்துடு. முழுசா சுட்டுக் கொண்டு போ. இதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்?"

கார்டிங் மனம் இறங்கி வந்து பன்றியை மூங்கிலில் கோத்து, கரி நெருப்பில் விடியவிடியச் சுழற்றிச் சுட்டான். தோல் தேன் நிறத்தில் மின்னியது. நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் மூங்கிலைத் தோளில் தூக்கிக்கொண்டு பொது நிர்வாகத் துறைக்குள் நுழைந்தோம். தாழ்வாரத்தில் எல்லோரும் வழிவிட்டார்கள். டீன் அம்மையார் எழுந்து நின்றார். "மாணவர் பக்குவப்பட்டிருக்கிறார்," என்றார் தகுலோட். அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரு மணி நேரம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோல் முறியும் சத்தம் மட்டும்தான். பன்யோங் மனப்பாடம் செய்துவைத்ததையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தபடி நின்றார். ஆய்வேட்டைத் தூக்கித் தட்டுக்கு அடியில் வைக்கப் போன தகுலோட்டின் கண் தற்செயலாக ஒரு பக்கத்தில் விழுந்தது. எங்கள் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தைப் படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"'பரிசோதனை நடைபெறவில்லை'ன்னா?" என்றார். "எங்க நடைபெறல?"

"நம்ம ஊர் இறைச்சிக்கூடத்துல சார்."

மூன்று பேரும் மேசையில் பாதியாகக் கிடந்த பன்றியைப் பார்த்தார்கள். சோசிமோ வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"இது?" என்றார் டீன்.

"இது எங்க வீட்டுப் பன்னி மேடம். நல்ல பன்னி. ஆனா டாக்டர் பாக்கல. டாக்டரே இல்ல. சீல் நான்தான் குத்தறேன். அதைத்தான் மேடம் மொத்தமா எழுதியிருக்கேன்."

டீன் அம்மையார் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். பிறகு தகுலோட் தொண்டையைச் செருமினார். அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன்.

"நிதானமா யோசிப்போம். இந்த முடிவு சரின்னா நாம இதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஆனா சாப்பிட்டாச்சு. நாம மூணு பேரும் முனைவர் பட்டம் வாங்கினவங்க. தெரியாம எதையும் சாப்பிடுறவங்க இல்ல. அப்ப முடிவுதான் தப்பு."

"முடிவு தப்புன்னா ஆய்வேடு தோல்வி," என்றார் டீன். "தோல்வின்னா இந்தச் சாப்பாட்டுக்கு அர்த்தமே இல்ல. இன்னும் பாதி இருக்கு."

சோசிமோ ஒருவழியாக விழுங்கிவிட்டார். "ரொம்ப சுலபம். அளவுகோல் ஒண்ணுலேருந்து அஞ்சு. அதுல 'நடைபெறவில்லை'ங்கிற பதிலே கிடையாது. இவர் அளவுகோலுக்கு வெளியில போய் எழுதிட்டார். ஒரு எண் போட்டுடலாம்."

"என்ன எண் சார்?" என்றார் பன்யோங். "இல்லாததுக்கு என்ன எண்?"

"கடுபாய், நீங்க முத்திரை குத்தறதுக்கு முன்னாடி பன்னியைப் பாக்கறீங்களா இல்லையா?" என்றார் சோசிமோ.

"பாக்கறேன்."

"பாத்தா அது பரிசோதனை. எந்த அளவுக்குங்கிறதுதான் கேள்வி. மாதிரி இதோ மேசையில இருக்கு. நிபுணர் குழு மதிப்பெண் போடட்டும்."

தகுலோட் தோலைக் கடித்துப் பார்த்து நாலு போட்டார். உப்பு குறைவு என்று டீன் அம்மையார் மூன்று. தசமப் புள்ளி இல்லாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லாத சோசிமோ மூன்று புள்ளி இரண்டு. கூட்டிப் பிரித்ததில் மூன்று புள்ளி நாலு வந்தது. அளவுகோல்படி அதற்கு அர்த்தம், 'பரிசோதனை ஓரளவு நடைபெறுகிறது'. தீர்மானமாகக் கொண்டு வந்தார்கள். டீன் ஒருவர் மட்டும் உப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்தார். பெரும்பான்மை வாக்கில் பன்றி தேறியது.

"அந்தப் பக்கத்தை மாத்தி எழுதிடுங்க, கையெழுத்துப் போட்டுடறோம்," என்றார் தகுலோட்.

"சார், அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் சார் நான்..."

"இன்னைக்குத்தான் கடைசி நாள், கடுபாய்," என்றார் டீன் மென்மையாக. "நாளைக்கு உங்க பாடமெல்லாம் காலாவதி."

பன்யோங் என்னைப் பார்த்தார். எழுதாதே அண்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று வரை கொல்லையில் நின்ற பன்றி எதற்காக வளர்ந்தது என்று எனக்கும் தெரியும். அவர் மாற்றி எழுதினார். மூன்று புள்ளி நாலில் அந்த நாலு மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பட்டம் வந்தது, நிரந்தர நியமனமும் வந்தது. வெனான்சியாவின் ஆஸ்பத்திரிச் செலவை நகராட்சி ஏற்றது. அதற்கு அடுத்த வாரம், நகராட்சி வாசலில் நடக்கும் திங்கட்கிழமைக் கொடியேற்றத்தில் மேயர் பேசினார்.

"நம்ம நகராட்சிக்குக் கால்நடை மருத்துவர் வேணும்னு சில பேர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. நான் எதையும் ஆதாரம் இல்லாம செய்றவன் இல்ல. இப்ப ஆதாரம் வந்திருக்கு! நம்ம கடுபாய் எழுதின ஆய்வேட்டுல பரிசோதனை நடக்குதுன்னு பல்கலைக்கழகமே ஒத்துக்கிட்டிருக்கு. அப்ப மருத்துவர் எதுக்கு? அந்தப் பதவியை ரத்து பண்ணிட்டேன். அந்தப் பணத்துல கூடைப்பந்து மைதானத்துக்குக் கூரை போடறோம். கடுபாய்க்குக் கை தட்டுங்க!"

தட்டினோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். பன்யோங் சொந்தப் பன்றியிலேயே வைத்துக்கொண்டார்.

திருவிழாவுக்கு முன்பு மேயரின் மச்சான் டெல்ஃபின் ஒரு வண்டி நிறையப் பன்றிகளைக் கொண்டு வந்து இறக்கினார். காதெல்லாம் கருநீலம். நிற்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இருமின. பன்யோங் பன்றிகளைப் பார்த்தார், பன்றிகள் அவரைப் பார்க்கவில்லை.

"இதுக்கு சீல் குத்த மாட்டேன்," என்றார்.

டெல்ஃபின் கோபப்படவே இல்லை. "நல்லா யோசிங்கண்ணே. பரிசோதனை ஒழுங்கா நடக்கலன்னு நீங்களே சொன்னா, உங்க புத்தகம் பொய். புத்தகம் பொய்னா பட்டம் பொய். பட்டம் பொய்னா நியமனம் செல்லாது. உங்க வீட்டம்மாவுக்கு வியாழக்கிழமைதானே ஆஸ்பத்திரி?"

பன்யோங் அந்த இடத்திலிருந்து நேராக டீன் அம்மையாரிடம் ஓடினார். நானும் கூடவே ஓடினேன்.

"மேடம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் பழையபடி மாத்திக்கொடுங்க. பட்டத்தை வேணும்னா திருப்பிக் கொடுத்துடறேன்."

"திருப்பி வாங்க எங்ககிட்ட விதி இல்லையே. ஏத்துக்கிட்ட ஆய்வேட்டை மறுக்கணும்னா இன்னொரு ஆய்வேடுதான் மறுக்கணும். அதுவும் மேல்நிலைப் பட்டமா இருக்கணும். முனைவர் பட்டத்துக்குச் சேருங்க."

"பன்னி இப்ப நிக்குது மேடம்!"

"சேர்ந்தா இன்னொரு வசதி இருக்கு. ஆய்வு நடந்துக்கிட்டிருக்கிற விஷயத்துல எந்த அலுவலகமும் நடவடிக்கை எடுக்க முடியாது. முடியற வரைக்கும் நீங்க முத்திரை குத்தவும் வேணாம், குத்த மாட்டேன்னு சொல்லவும் வேணாம்."

பன்யோங் அங்கேயே சேர்ந்தார். எவ்வளவு வருடம் இழுக்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று அவர் முகத்தில் பார்த்த நிம்மதியை அவர் கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை. எந்தப் படிப்பை முடிக்கத் தவித்தாரோ அதே படிப்பு இனி முடியவே கூடாது என்று மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்ட மேயர் அந்த வாரமே பல்கலைக்கழக மைதானத்துக்கும் ஒரு கூரை கொடுத்தார். திறப்பு விழாவன்று பன்யோங்கை அவசரமாக வரச் சொன்னார்கள். இது என்னவோ மரியாதை என்று வெனான்சியாவும் நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தாள். அறையில் அதே மூன்று பேர் இருந்தார்கள்.

"பணி அனுபவத்தைக் கருதி எல்லாப் பாடத்துலேருந்தும் விலக்கு கொடுத்திருக்கோம்," என்றார் தகுலோட். "ஆய்வேட்டையும் பழைய ஆய்வேட்டின் தொடர்ச்சின்னு எடுத்துக்கிட்டோம். முடிவு அதேதான்."

"சார், ஒரு கேள்வியாவது கேளுங்க சார்! தப்புத் தப்பா பதில் சொல்றேன். அம்புக்குறி கேளுங்க. என்னை ஃபெயில் பண்ணுங்க சார், உங்க காலைப் பிடிக்கிறேன்."

"எவ்வளவு பணிவு பாத்தீங்களா," என்று டீன் அம்மையார் மற்ற இருவரிடமும் சொன்னார். மூவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெனான்சியா சந்தோஷத்தில் அழுதாள். பன்யோங்கும் அழுதார்.

வாசலில் டெல்ஃபினின் வண்டி நின்றது. செத்ததுபோக மிச்சமிருந்த பன்றிகள் அதில் கிடந்தன. "டாக்டர் ஆயிட்டீங்க, வாழ்த்துகள். ஆய்வு முடிஞ்சுதுல்ல, சீல் எடுங்க," என்றார் டெல்ஃபின். "முன்னால கிடக்கிற பெருசு மட்டும் இன்னைக்கு ராத்திரி கூரை விருந்துக்கு. உடனே அறுக்கணும். மத்தது எல்லாம் திருவிழாச் சந்தைக்கு."

பன்யோங் மனைவியைப் பார்த்தார். அவள் முழங்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பிறகு படியில் நின்ற தேர்வாளர்கள் பக்கம் திரும்பினார்.

"விருந்துக்கு யார் யார் சார் வர்றீங்க?"

"நாங்க மூணு பேர், மேயர், டெல்ஃபின். இது தலைமேசைப் பன்னி," என்றார் சோசிமோ. "ஊர்க்காரங்களுக்கு நூடுல்ஸ்தான்."

"நிச்சயமா சாப்பிடுவீங்களா?"

"என்ன கேள்வி இது? நீங்க சீல் குத்தினா சாப்பிடாம இருப்போமா?"

பன்யோங் வண்டியில் ஏறினார். பெரிய பன்றியின் முதுகில் முத்திரையை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினார். அவ்வளவு தெளிவாக விழுந்த முத்திரையை நான் அதுவரை பார்த்ததில்லை. கீழே இறங்கி, மைப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மத்ததுக்கு?" என்றார் டெல்ஃபின்.

"மை தீந்துடுச்சு," என்றார் பன்யோங். "புதுசு வாங்க நான் விண்ணப்பம் எழுதணும். கணக்கர் பாக்கணும், கொள்முதல் குழு கூடணும், மூணு கடையில விலை கேக்கணும், டெண்டர் விடணும். ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் முறைப்படி நானே செய்றேன். நான் நிரந்தர ஊழியர்."

திருவிழாவில் ஊர் முழுக்க மீன் சாப்பிட்டோம். புது மை இன்னும் வரவில்லை.